எண்ணுவோரின் எழுத்தறிவு

பெல்மதுளையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கஹவத்தை, மாதம்பை, கொடகவெல முதலிய ஊர்களைக் கடந்து, தேயிலையும் இறப்பரும் செழித்த குன்றுகளை மெல்ல மெல்லப் பின்னே விட்டு இறங்குகின்றது. மலையின் ஈரக் காற்று ஓய்ந்து, வரண்ட சமவெளியின் வெப்பம் முகத்திலே படும் இடத்தில் எம்பிலிப்பிட்டிய என்னும் நகரம் அமைந்திருக்கின்றது. சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்துக்குத் தென்வாயில் போன்றது இந்நகரம். வடக்கே தோட்டங்கள், தெற்கேயும் கிழக்கேயும் வளவை கங்கையின் நீர் பாயும் வயல்கள். ஒருபுறம் கொழுந்து நிறுக்கும் தராசு. மறுபுறம் நெல் அளக்கும் மரைக்கால். இரண்டுக்கும் நடுவே, இவற்றையெல்லாம் எழுதி வைக்கும் கந்தோர்கள்.

வளவை கங்கையை மறித்து உடவளவை நீர்த்தேக்கம் 1960களில் கட்டப்பெற்றது. காடாய்க் கிடந்த நிலங்கள் கழனிகளாயின. குடியேறியோருக்குக் காணிகள் பகுத்தளிக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டில் இத்திட்டம் மகாவலி அதிகார சபையின் பொறுப்புக்கு வந்தது. எந்தக் காணி எவருடையது, எந்த வாய்க்காலில் எந்நாளில் நீர் விடப்படும், எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்பவை யாவும் எழுதி வைக்கப்பட வேண்டியவை ஆயின. இந்நகரத்துக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. வயலிலே எஞ்சும் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்யும் ஆலையொன்று 1970களில் இங்கே நிறுவப்பட்டது. நெல்லின் கணக்கை எழுதுவதற்கு வேண்டிய தாளும் அந்நெல்லின் வைக்கோலிலிருந்தே பிறந்தது என்பது நினைத்துப் பார்க்கத்தக்க பொருத்தமாகும்.

விளைச்சலை அளக்க மரைக்கால் உண்டு. கொழுந்தை அளக்கத் தராசு உண்டு. நிலத்தை அளக்கச் சங்கிலி உண்டு. ஆனால், இவற்றையெல்லாம் கணக்கில் எழுதுகின்றானே, அவனுடைய திறமையை அளக்கும் கோல் யாது? இன்று கணக்கு ஏட்டிலிருந்து கணினிக்கு மாறிவிட்டது. எழுதுவோரைத் தரவுப் பணியாளர் என்று அழைக்கும் காலம் வந்துவிட்டது. அவர்களின் டிஜிட்டல் திறன்களை அளப்பது எவ்வாறு என்று உலகெங்கும் அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். வினா புதியது போலத் தோன்றினும், அதன் வேர் மிகப் பழையது.

தொண்டை நாட்டிலே உத்தரமேரூர் என்னும் ஊரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தெரிந்தெடுத்த வரலாற்றைக் கூறுவன என்பதைப் பலரும் அறிவர். ஆனால், அக்கல்வெட்டு ஊர்க்கணக்கு எழுதுவோனைப் பற்றியும் விதி வகுத்திருக்கின்றது என்பதைச் சிலரே அறிவர். நேர்மையான வழியிற் பொருள் ஈட்டியவனே கணக்கெழுதலாம். ஒருமுறை எழுதியவன், தான் எழுதிய கணக்கைப் பெரியோர் முன் ஒப்புவித்துத் தூயவன் எனத் தீர்க்கப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணியை ஏற்கலாம். அவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். அதனை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கன் உள்ளே வருதல் கூடாது. எழுதியவன் தன் எழுத்துக்குத் தானே விடை கூற வேண்டும் என்ற இவ்விதி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்பட்ட ஓர் அளவுகோலாகும். அவன் எத்துணை விரைவாக எழுதினான் என்று அவ்வூரார் கேட்கவில்லை. எழுதியது மெய்யா, அதனை அவனாலேயே விளக்கிக் காட்ட இயலுமா என்பதையே கேட்டனர்.

இலங்கையிலும் கணக்கு மரபு நெடியது. கண்டி மன்னரின் ஆட்சியில் நிலங்களையும் அவற்றுக்குரிய ஊழியங்களையும் பதிந்து வைத்த ஓலைச்சுவடிகள் லேகம் மிட்டி எனப்பட்டன. கடற்கரை நாடுகளைப் போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும் ஆண்டபோது தோம்பு என்னும் பதிவேடுகளைத் தொகுத்தனர். நிலத்தோம்பு நிலத்தையும், தலைத்தோம்பு ஆட்களையும் குறித்தன. இவற்றை எழுதியோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆயினும், அவர்கள் எழுதிய ஒரு வரி, ஒரு குடும்பத்தின் உரிமையைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தவோ அழிக்கவோ வல்லதாயிற்று.

நவீன முறையிலான முதற் குடிசன மதிப்பு இத்தீவில் 1871ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் நடைபெற்றது. அன்று எண்ணப்பட்ட மக்கள் 2,400,380 பேர். அதன் பின்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணும் வழக்கம் ஏற்பட்டது. 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பு சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களிடம் வந்தது. 1875ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த அப்பெரியார், பதிவாளர் நாயகமாக இருந்து பிறப்பு இறப்புப் பதிவுகளையும் காணிப் பதிவுகளையும் சீர்செய்தவர். அவ்வாண்டு எண்ணப்பட்டோர் 3,565,954 பேர். அருணாசலம் அவர்கள் எழுதிய அறிக்கை, எண்களின் அடுக்காக நில்லாமல், இத்தீவின் மக்களைப் பற்றிய வரலாற்று நூலாகவும் விளங்கிப் புகழ் பெற்றது. எண்ணுதல் வேறு, எண்ணியதன் பொருளை உணர்தல் வேறு. இரண்டும் ஒருவரிடம் கூடும்போதுதான் கணக்கு அறிவாகின்றது என்பதற்கு அவ்வறிக்கை சான்றாயிற்று.

அக்காலத்துக் குடிசன மதிப்புகளில் எழுத வாசிக்கத் தெரியுமா என்ற வினா இடம்பெற்றது. ஆம் என்றால் எழுத்தறிவு உடையவர்; இல்லை என்றால் இல்லாதவர். விடையளித்தவர் எதனை வாசிப்பார், வாசித்ததை விளங்கிக் கொள்வாரா என்பதை எண்ணுவோர் சோதித்துப் பார்க்கவில்லை. பின்னாளில், 1958ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், அன்றாட வாழ்வைப் பற்றிய எளியதொரு கூற்றைப் பொருளுணர்ந்து வாசிக்கவும் எழுதவும் வல்லவரே எழுத்தறிவுடையவர் என வரையறுத்தது. 1978ஆம் ஆண்டில் அவ்வரையறையை மேலும் விரித்து, தன் சமூகத்தில் தன் கடமைகளைச் செய்வதற்கு எழுத்தையும் எண்ணையும் பயன்படுத்தும் ஆற்றலைச் செயல்முறை எழுத்தறிவு எனக் கொண்டது. அளவுகோல் மாறினால் அளக்கப்பட்டதும் மாறும். இவ்வுண்மை கணினிக் காலத்தில் மீண்டும் தலைகாட்டுவதைப் பின்னர்க் காணலாம்.

இனி, மலையிலே ஏறித் தோட்டத்துக் கணக்கைப் பார்ப்போம். கஹவத்தை, இரக்குவானை, பலாங்கொடை முதலிய பகுதிகளின் தோட்டங்களில், தொழிலாளரின் வாழ்வு செக்ரோல் என்னும் பேரேட்டில் அடங்கியிருந்தது. விடியற்காலையிற் பிரட்டுக் களத்திலே பெயர் எழுதப்பட்டால் அந்நாள் கூலிநாள். எழுதப்படாவிட்டால் அது வெறுநாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையின் பென்சில் எழுதிய இறாத்தல் எவ்வளவோ, அவ்வளவே பெண்ணொருத்தியின் பகலுழைப்பு. தராசு பொய் சொல்லாதிருந்தாலும், தராசைப் பார்த்து எழுதும் கை தவறலாம். கூடையின் பாரத்துக்கும் மழைநீருக்கும் கழிக்கும் இறாத்தலைப் பற்றி எத்தனையோ வாக்குவாதங்கள் அக்களங்களிலே நிகழ்ந்தன. எழுதத் தெரியாதவர் தம்மைப் பற்றி எழுதப்பட்டதை வாசித்து அறிய வழியில்லை. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்தபோதும், அக்கல்வி நெடுங்காலம் ஒற்றை அறைப் பள்ளிகளைத் தாண்டவில்லை.

அப்பேரேடுகளின் முழு வலிமையும் சுதந்திரத்துக்குப் பின்னர் வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தவர் எனச் சான்று காட்டுவோரையே வம்சாவழிக் குடிகளாக ஏற்றது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும் என்பது அதன் விதி. 1951ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 5ஆம் நாளுடன் விண்ணப்பக் காலம் முடிந்தது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. அவை யாவும் ஆராய்ந்து முடிக்கப்பட்டபோது குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

எஞ்சியோர் அனைவரும் எழுத்துப் பிழையாற் குடியுரிமை இழந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. சட்டத்தின் நோக்கமும் அதை நடத்திய முறையும் முதற் காரணங்கள். ஆயினும், இடையறாத வதிவை நிறுவும் சான்று எங்கே இருந்தது? செக்ரோலிலும், தோட்டப் பதிவேட்டிலும், பிள்ளையின் பள்ளிக்கூட இடாப்பிலும் இருந்தது. ஒரே மனிதன் ஒரு பேரேட்டில் இராமசாமி, மற்றொன்றில் ராமசாமி, வேறொன்றில் ஆங்கில எழுத்திலே இன்னும் வேறொரு வடிவம். தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே. வயது ஒரு பேரேட்டிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஏறியும் இறங்கியும் நிற்கும். இம்மூவரும் ஒருவரே என்று நிறுவுவது படிப்பறியாத தொழிலாளியின் தலையில் விழுந்த சுமையாயிற்று. எழுதியவன் அன்று அரை நிமிடத்திற் செய்த கவனக்குறைவுக்கு, எழுதப்பட்டவன் ஆயுள் முழுவதும் விலை கொடுத்தான்.

1964ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் இம்மக்களை எண்களாகவே பகுத்தது. 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974ஆம் ஆண்டு வரை காத்திருந்து, பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டது. இப்பெருங்கணக்கு முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. மலையக மக்களைப் பொறுத்தவரை, தரவு என்பது கந்தோர்ச் சொல் மட்டுமன்று. வீடும் வாக்கும் நாடும் அதிலே தங்கியிருந்தன. ஆகவே, தரவை எழுதுவோரின் திறமையை அளப்பதும் கந்தோரின் உள்விவகாரமாகாது.

இத்திறமையை அளக்கும் முறைகளை உலகம் எங்ஙனம் கண்டறிந்தது? அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1880ஆம் ஆண்டின் குடிசன மதிப்பைக் கையாற் கூட்டி முடிப்பதற்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் சென்றன. 1890ஆம் ஆண்டில் ஏர்மன் ஒல்லரித் என்னும் பொறியியலாளர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எண்ணும் பொறியை அமைத்துக் கொடுத்தார். அன்று முதல் ஒரு புதிய தொழில் பிறந்தது. மனிதனைப் பற்றிய விடைகளை அட்டையிலே துளைகளாக மாற்றுவோர், தரவுப் பணியாளரின் முன்னோடிகள் ஆயினர். ஒரு நாளில் எத்தனை அட்டை துளைத்தார் என்பதே அவர்களின் தகுதிக்கு முதல் அளவுகோலாயிற்று. விரைவை எண்ணுவது எளிது; ஆதலின் விரைவே எண்ணப்பட்டது.

பிழையை எண்ணுவதற்கு மற்றொரு வழி வேண்டியிருந்தது. ஒருவர் துளைத்ததையே மற்றொருவர் மீண்டும் துளைத்து ஒப்பிடும் முறை கைக்கொள்ளப்பட்டது. இதனால் வேலை இரட்டித்தது. 1940ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பில் எட்வேட்சு தெமிங் என்னும் புள்ளிவிபர அறிஞர் இதனைச் சீர்செய்தார். தொடக்கத்தில் ஒவ்வொரு பணியாளரின் அட்டைகளும் முழுவதுமாகச் சரிபார்க்கப்படும். பிழைகள் குறைந்து நிலைபெற்ற பின்னர், அவருடைய வேலையின் ஒரு கூறு மாத்திரமே மாதிரியாக எடுத்துச் சரிபார்க்கப்படும். பிழை மீண்டும் மிகுந்தால் முழுச் சரிபார்ப்புக்குத் திரும்ப வேண்டும். திறமையை ஒருநாட் பரீட்சையாக நோக்காமல், வேலையின் நடுவே நாடோறும் அளக்கும் வழியை இவ்வேற்பாடு காட்டியது. நம்பிக்கையைப் பணியாளர் ஈட்டிக் கொள்ள வேண்டும். ஈட்டிய பின் அது மதிக்கப்படும்.

வங்காளத்திலே 1931ஆம் ஆண்டில் இந்தியப் புள்ளிவிபரவியற் கழகத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகாலனோபிசு இன்னும் ஒருபடி மேலே சென்றார். சணற் பயிரின் பரப்பை அளக்கும் பெரும் ஆய்வுகளில், ஒரே பகுதியை இரு வேறு குழுவினர் தனித்தனியே அளக்குமாறு அவர் ஏற்பாடு செய்தார். ஒரு குழுவின் முடிவு மற்றதற்குத் தெரியாது. இரண்டும் ஒத்தால் அளவீடு நம்பத்தக்கது; வேறுபட்டால், வேறுபாடு நிலத்தில் இல்லை, அளந்தவரிடத்தில் இருக்கின்றது. அளக்கப்படும் பொருளைப் போலவே அளப்பவரும் ஆராய்ச்சிக்கு உரியவர் என்பதை அம்முறை நிலைநாட்டியது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டு முதல், குடிசன மதிப்பு முடிந்த பின்னர் மாதிரி வீடுகளை மீண்டும் கண்டு சரிபார்க்கும் வழக்கமும் ஏற்பட்டது.

இலங்கைக்கு முதற் கணினி 1967ஆம் ஆண்டில் அரசாங்கப் பொறியியற் கூட்டுத்தாபனத்தின் வழியாக வந்தது. அப்போது கணினி என்பது குளிரூட்டிய அறையில் வைக்கப்பட்ட பெரும்பொறி. அதனைத் தொடுவோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவர்களின் திறமையை அவர்களின் ஆசிரியர்களே அறிவர். நாட்டு மக்களின் கணினித் திறனை அளக்க வேண்டிய தேவை பிற்காலத்திலேதான் எழுந்தது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு, தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் கணினி எழுத்தறிவு பற்றிய தன் முதல் ஆய்வை நடத்தியது. அப்போது கணினி எழுத்தறிவு உடையோர் நூற்றுக்கு 9.7 பேர். 2009ஆம் ஆண்டில் அது 20.3 ஆயிற்று, 2021ஆம் ஆண்டில் 34.3 ஆயிற்று. கைப்பேசி முதலிய கருவிகளையும் சேர்த்துக் கணித்த டிஜிட்டல் எழுத்தறிவோ 2021ஆம் ஆண்டில் நூற்றுக்கு 57.2 என வெளியிடப்பட்டது. நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாகப் பகுக்கும் இவ்வட்டவணைகளில் கடைசி இடம் பெருந்தோட்டத்துக்கே உரியதாயிருந்து வந்திருக்கின்றது.

இவ்வெண்களின் பின்னே நிற்கும் வரையறையை உற்று நோக்க வேண்டும். 5 வயது முதல் 69 வயது வரையுள்ள ஒருவர், பிறர் உதவியின்றித் தாமே கணினியைப் பயன்படுத்த வல்லவராயின் அவர் கணினி எழுத்தறிவுடையவர். ஐந்து வயதுக் குழந்தை கணினியில் விளையாட அறிந்திருந்தாலும் அக்குழந்தை எழுத்தறிவுடையதே என்று திணைக்களமே எடுத்துக்காட்டுத் தருகின்றது. டிஜிட்டல் எழுத்தறிவுக்கு மடிக்கணினியும் கைப்பேசியும் அதே போலக் கொள்ளப்படுகின்றன. நாடு முழுவதிலும் கருவியின் பழக்கம் எத்துணை பரவியது என்று காண்பதற்கு இவ்வளவுகோல் பொருத்தமானதே, குறை கூறுதற்கில்லை. ஆனால், கருவியைத் தொடத் தெரிந்தவர் அனைவரும் தரவைக் கையாளத் தெரிந்தவர் என்று இதிலிருந்து ஊகித்தால் அது பெருந்தவறாகும். தம் பெயரை எழுதத் தெரிந்தவரெல்லாம் கணக்கப்பிள்ளை ஆக முடியாது அன்றோ?

திறனை அறிவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, உமக்குத் தெரியுமா என்று அவரையே கேட்பது. இரண்டாவது, என்னென்ன செய்தீர் என்று கேட்பது. அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கம் இரண்டாவது வழியைப் பின்பற்றி, கோப்பொன்றைப் பிரதி செய்தல், மின்னஞ்சலுடன் கோப்பை இணைத்தல், விரிதாளிற் கூட்டல் கழித்தற் சூத்திரம் இடுதல், நிரல் எழுதுதல் முதலாய செயல்களைப் பட்டியலிட்டிருக்கின்றது. மூன்றாவது, உண்மையிலேயே வேலையொன்றைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பது. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் பல நாடுகளில் வயது வந்தோருக்கு இத்தகைய சோதனையை நடத்தியது. மின்னஞ்சல்களை வகைப்படுத்துதல், வேண்டிய தகவலைத் தேடி எடுத்தல் முதலாயின சோதனையில் இருந்தன. முதல் வழியிற் செலவு குறைவு, மயக்கம் மிகுதி. மூன்றாம் வழியிற் செலவு மிகுதி, மயக்கம் குறைவு. தம் திறமையைத் தாமே மதிப்பிடுவோர் பெரும்பாலும் உள்ளதை மிகுத்துக் கூறுவர் என்பது இவ்வாய்வுத் துறையினர் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. மாறாக, நெடுங்காலம் பிறரால் இழித்துரைக்கப்பட்டவர் தம் திறமையைக் குறைத்துக் கூறுதலும் உண்டு.

ஐரோப்பிய ஆணைக்குழு 2013ஆம் ஆண்டில் டிஜிட்டல் தகைமைக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. தகவலை ஆராய்தல், தொடர்பாடல், ஆக்கம், பாதுகாப்பு, சிக்கல் தீர்த்தல் என ஐந்து பிரிவுகளை அது வகுத்தது. யுனெஸ்கோ 2018ஆம் ஆண்டில் அதனை விரித்து, அவற்றுடன் கருவிகளை இயக்கும் அடிப்படை அறிவையும், அவரவர் தொழிலுக்குரிய சிறப்புத் திறனையும் சேர்த்தது. இறுதியிற் சேர்ந்த தொழிற்றிறன் என்னும் பகுதியே தரவுப் பணியாளருக்கு உயிரானது. நாடு நாடாகப் பொதுவான பட்டியல் போதாது; அவர் எந்த மொழியில், எந்த மக்களைப் பற்றி, எந்தத் தரவை எழுதுகின்றார் என்பதையும் பார்த்தே அளவுகோல் செய்ய வேண்டும்.

தமிழிலிருந்தே இதற்கொரு சான்று காட்டலாம். இலங்கையிற் கணினியில் தமிழ் எழுதியோரிடையே பாமினி என்னும் எழுத்துரு மிகப் பரவியிருந்தது. அதிலே திரையில் தோன்றுவது தமிழ். கணினியின் உள்ளே பதிவதோ ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடு. அச்சிட்டு எடுத்தால் அழகிய தமிழ்க் கடிதம். ஆனால், ஆயிரம் பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் கணினி ஆங்கில வரிசையில் அடுக்கும். வேறொரு கந்தோரின் கணினிக்கு அனுப்பினால் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். யூனிகோடு முறையில் எழுதினால் இக்குறை இல்லை. இலங்கைக்கெனத் தமிழ் விசைப்பலகை நியமமும் வகுக்கப்பட்டிருக்கின்றது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற பழைய தட்டச்சுப் பரீட்சையில் இரு முறையினரும் சமமாகத் தேறுவர். எழுதியது நாளை தேடினாற் கிடைக்குமா என்ற பரீட்சையில் ஒருவரே தேறுவார். முன்னொரு காலத்தில் இராமசாமியும் ராமசாமியும் வேறுவேறு ஆட்களானது போல, ஒரே பெயர் இரு குறியீட்டில் இருந்தாற் கணினிக்கும் அவர்கள் இருவரே.

குடிசன மதிப்பும் கடதாசியிலிருந்து மாறிற்று. 2021ஆம் ஆண்டில் நடைபெறவேண்டிய பதினைந்தாவது மதிப்பு, கொள்ளை நோயாலும் பொருளாதார நெருக்கடியாலும் தள்ளிப் போய், 2024ஆம் ஆண்டில் நடந்தது. கணக்கெடுப்போர் கைக்கணினிகளை ஏந்தி வீடு வீடாகச் சென்றனர். முதற்கட்ட அறிக்கையில் மக்கட்டொகை 21,763,170 என அறிவிக்கப்பட்டது. கைக்கணினி சில பிழைகளைத் தானே தடுக்கும். விடையின்றி ஒரு வினாவைக் கடக்க விடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு மணமாயிற்று என்றால் எச்சரிக்கும். வேண்டாத வினாக்களைத் தாண்டிச் செல்லும். முன்னர் கூட்டல் கழித்தலிலும் கையெழுத்திலும் கழிந்த கவனத்தை இப்பொறி விடுவித்திருக்கின்றது.

ஆனால், பொறியாற் பிடிக்க முடியாத பிழைகளும் உண்டு. தோட்டத்து லயத்திலே ஒரு காம்பராவில் இரு சகோதரரின் குடும்பங்கள் வாழலாம். அவர்கள் ஒரே உலையிற் சமைத்து உண்பவராயின் அது ஒரு குடித்தனம். வேறு வேறு உலையாயின் இரண்டு. வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டவர் ஒன்று என்று பதிவார். உள்ளே அடுப்பைப் பார்த்தவர் இரண்டு என்று பதிவார். இரு விடைகளும் கைக்கணினிக்கு முரணற்றவையே. பின்னர் வீட்டுத் திட்டம் வரும்போது, ஒன்று என்று பதியப்பட்ட இரு குடும்பங்களுக்கும் ஒரு வீட்டின் தேவையே கணக்கில் நிற்கும். அதேபோல, வீட்டாரின் மொழி அறியாதவர் வினாவைச் சுருக்கிக் கேட்டுத் தாமே விடையை ஊகித்துப் பதிந்தாலும் திரையில் எச்சரிக்கை தோன்றாது. ஆகவே, கணக்கெடுப்பவரின் டிஜிட்டல் திறனிலே திரையைத் தொடும் விரலின் பங்கு சிறிது. கேட்கும் செவிக்கும் கேள்வியின் நோக்கத்தை உணர்ந்த மனத்துக்குமே பெரும் பங்கு.

இவற்றையெல்லாம் கருதினால், தரவுப் பணியாளரை அளக்கும் கோல் எத்தகையதாதல் வேண்டும் என்பது தெளிவாகின்றது. கருவியை இயக்கும் திறன் அதன் முதற்கணு. எழுதியது பிறருக்கும் பிற்காலத்துக்கும் பயன்படும் வடிவில் உள்ளதா என்பது இரண்டாங்கணு. தெமிங் காட்டியபடி வேலையின் ஒரு கூற்றை அவ்வப்போது சரிபார்த்தலும், மகாலனோபிசு காட்டியபடி இருவர் எழுதியதை ஒப்பிடுதலும் மூன்றாங்கணு. எழுதியவர் தம் எழுத்துக்கு விடை கூறுதல், உத்தரமேரூரார் கல்லில் வெட்டி வைத்த நான்காங்கணு. இவற்றுடன் இன்னொன்றும் சேரவேண்டும். எழுதப்பட்டவர் தம்மைப் பற்றிய பதிவைத் தம் மொழியில் வாசித்து, பிழையாயின் திருத்துமாறு கேட்கும் வாய்ப்புப் பெறுதல் வேண்டும். செக்ரோல் காலத்திலே இல்லாதிருந்தது இதுவே. எழுதுவோரின் எழுத்தறிவும் எழுதப்படுவோரின் எழுத்தறிவும் சேர்ந்து வளரும்போதுதான் கணக்கு நேராகும்.

எம்பிலிப்பிட்டியவின் கந்தோர்களில் இப்போது பெரும்பாலான கணக்குகள் திரையிலே ஒளிர்கின்றன. வைக்கோலிலிருந்து பிறந்த தாளின் காலம் சுருங்கிவிட்டது. எனினும், அத்திரையில் தோன்றும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், வாய்க்காலின் நீருக்குக் காத்திருக்கும் உழவனும், மலைச்சரிவிலே கூடை சுமந்து நிற்கும் பெண்ணும் இருக்கின்றனர். அவர்களின் பெயரைப் பிழையின்றி ஒருமுறை எழுதுவது, அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தின் மதிப்பை அறிந்தவரே தரவுப் பணியிலே தேர்ந்தவர் ஆவர்.